தயங்கும் கைகளுக்கு

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. சுபஹ் தொழுதுவிட்டு வந்த அடுத்த வீட்டு மாமா, விறாந்தையில் செருப்பைக் கழற்றும்போதே சரிந்து விழுந்தார். மாமி போட்ட சத்தத்தில் ஒழுங்கை முழுவதும் கூடிவிட்டது. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் ஓடிக்கொலோன் போத்தலை மூக்கருகில் பிடித்தார். இன்னொருவர் இரும்புத் திறப்பொன்றைக் கைக்குள் வைத்து அழுத்தினார். முன்வீட்டு ராத்தா உள்ளங்காலைத் தேய்த்தார். சிலர் யாசீன் ஓதத் தொடங்கினார்கள். பிறகு முச்சக்கரவண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, நான்கு பேர் தூக்கி, அதன் ஆசனத்தில் பாதி இருத்தியும் பாதி கிடத்தியும் கொண்டு போனார்கள். வைத்தியசாலையை அடையும்போது மாமா மௌத்தாகியிருந்தார்.

ஜனாஸா வீட்டில் அவருடைய மகன் ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, "விழுந்ததும் யாராவது நெஞ்சை அழுத்தினீர்களா?" என்பதுதானாம். ஒருவரும் அழுத்தவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். உயர்தர உயிரியல் மாணவி. இதயத்தின் நான்கு அறைகளையும் வால்வுகளையும் புத்தகம் பாராமல் வரைவேன். அன்று தண்ணீர்க் கோப்பையை எடுத்து நீட்டியவள் நான்தான்.

அழுத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. ஹயாத்தும் மௌத்தும் அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் விழுந்ததிலிருந்து வண்டி வரும்வரை இருந்த நேரத்தில் செய்யக்கூடிய ஒரு காரியம் இருந்தது, அதைச் செய்யப் போதுமான கைகளும் இருந்தன. அந்தக் காரியத்தின் பெயர் சீ.பீ.ஆர். தமிழில் இதய நுரையீரல் மீளுயிர்ப்பு என்பார்கள். அதன் பிறகு முதலுதவிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து கற்றுக்கொண்டவற்றையும், அதனால் தேடி வாசித்தவற்றையும் தோழியர் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பில், இதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் முடியுரு நாடிகளில் ஒன்று அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் விழித்திருப்பார், நெஞ்சு நோகிறது என்பார், வியர்த்துக் கொட்டும். அவருடைய நெஞ்சை அழுத்தக் கூடாது, உடனே வைத்திய உதவி பெற வேண்டும். ஆனால் அதே மாரடைப்பு சிலருக்கு இதயத்தின் மின் ஒழுங்கைக் குலைத்துவிடும். அப்போது இதயவறைகள் ஒன்றாகச் சுருங்கி விரிவதற்குப் பதிலாக ஒழுங்கின்றி நடுங்கிக்கொண்டிருக்கும். அசைவு இருக்கும், குருதி வெளியேறாது. மின்சாரம் தாக்கினாலும், நீரில் மூழ்கினாலும், தொண்டையில் உணவு சிக்கி மூச்சு அடைபட்டாலும் இறுதியில் இதயம் நின்றுபோகலாம்.

குருதி ஓட்டம் நின்ற சில வினாடிகளில் மனிதர் நினைவிழக்கிறார். மூளைதான் முதலில் தவிக்கும் உறுப்பு. ஏறத்தாழ 4 நிமிடங்களுக்குப் பின் மூளைக் கலங்கள் சேதமடையத் தொடங்குகின்றன. எதுவும் செய்யாமல் விடப்படும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வீதம் வரை குறைந்துகொண்டே போகிறது. உலகின் எந்த நகரத்திலும் அம்பியூலன்ஸ் அவ்வளவு விரைவாக எல்லா வாசலுக்கும் வந்துவிடாது. ஆகவே அந்த முதல் நிமிடங்கள் வைத்தியருக்கோ தாதியருக்கோ உரியவை அல்ல. அருகில் நிற்பவருக்கு உரியவை.

நெஞ்சை அழுத்துவதால் நின்ற இதயம் உடனே தானாகத் துடிக்கத் தொடங்கும் என்று நான் நினைத்திருந்தேன். நாடகங்களில் அப்படித்தானே காட்டுகிறார்கள்! உண்மையில் நாம் செய்வது இதயத்தின் வேலையைக் கையால் செய்வது. அழுத்தும்போது நெஞ்சறைக்குள் அமுக்கம் கூடி, நெஞ்செலும்புக்கும் முள்ளந்தண்டுக்கும் இடையில் இதயம் நசுங்கிக் குருதியை வெளியே தள்ளுகிறது. கையைத் தளர்த்தும்போது மீண்டும் நிரம்புகிறது. நன்றாகச் செய்தாலும் வழமையான குருதி ஓட்டத்தின் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் கிடைக்கும். அந்தச் சிறு பங்கு, மூளையையும் இதயத்தையும் உதவி வரும்வரை தாக்குப்பிடிக்க வைக்கப் போதுமானதாகலாம். நடுங்கும் இதயத்தைச் சீராக்குவது பெரும்பாலும் மின்னதிர்ச்சிக் கருவியின் வேலை. அது வரும்வரை நேரத்தை வாங்கிக் கொடுப்பது நம் கைகளின் வேலை.

ஆனால் மயங்கி விழுந்த எல்லோருடைய நெஞ்சையும் அழுத்த ஓடிவிடக் கூடாது. காலைக்கூட்டத்தில் வெயிலில் நின்று நம் தோழி ஒருத்தி சரிவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? அவளுக்கு மூச்சு இருக்கிறது. சுற்றி நிற்பவர்களை விலக்கி, படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால் கண்ணைத் திறந்துவிடுவாள். ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு. பதில் இருக்கிறதா? மூச்சு இருக்கிறதா?

முதலில் சுற்றிலும் ஒரு பார்வை. மின்சாரம் தாக்கியவரென்றால் பிரதான ஆளியை நிறுத்தும்வரை தொடக் கூடாது. வீதியென்றால் வாகனங்களைக் கவனிக்க வேண்டும். பிறகு இரு தோள்களையும் பலமாகத் தட்டி, "மாமா! மாமா! கேட்குதா?" என்று காதருகே உரக்கக் கூப்பிட வேண்டும். கண் திறக்கவில்லை, முனகலும் இல்லையென்றால், நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, மறு கையால் நாடியை உயர்த்தி, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு 10 வினாடிக்கு மேல் செலவிடக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் கையைப் பிடித்து நாடித்துடிப்புத் தேடி நேரத்தை இழக்க வேண்டாம் என்று எங்கள் பயிற்றுநர் சொன்னார். பதற்றத்தில் நம்முடைய துடிப்பே நம் விரலில் கேட்கும்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இதயம் நின்ற முதற் சில நிமிடங்களில் சிலர் இடைக்கிடை வாயைத் திறந்து "ஹாக்" என்று இழுப்பார்கள். குறட்டை போலவும் கேட்கும். தரையில் போட்ட மீன் வாயைத் திறப்பதுபோல இருக்கும். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று எல்லோரும் ஆறுதலடைவார்கள். அது மூச்சல்ல. மூளையின் அடியிலிருந்து வரும் கடைசி முயற்சி. மாமாவுக்கும் அப்படித்தான் இரண்டு மூன்று முறை வந்தது. நாங்களும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். பதிலும் இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

சீரான மூச்சு இருந்து நினைவு மட்டும் இல்லையென்றால், ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலிருக்கும் காலின் முழங்காலை மடித்து முன்னால் ஊன்றி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துவிட வேண்டும். நாக்கும் வாந்தியும் தொண்டையை அடைக்காமல் இருக்கும். மூச்சு நிற்கிறதா என்று அருகிலிருந்தே கவனிக்க வேண்டும். நினைவற்றவரின் வாயில் தண்ணீர் ஊற்றுவது எந்த நிலையிலும் ஆபத்து. அது நுரையீரலுக்குள்தான் போகும்.

மூச்சு இல்லையென்றால், "யாராவது 1990க்கு எடுங்கள்" என்று பொதுவாகக் கத்தக் கூடாது. ஒருவரைச் சுட்டிக்காட்டிச் சொல்ல வேண்டும்; பொதுவாகச் சொன்னால் ஒவ்வொருவரும் மற்றவர் எடுப்பார் என்று நினைப்பார்கள். 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் இந்திய உதவியுடன் தொடங்கி, பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட சுவசெரிய இலவச அம்பியூலன்ஸ் சேவையின் இலக்கம் அது. தனியாக இருந்தால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே அழுத்தத் தொடங்கலாம்.

நோயாளி கட்டிலில் கிடந்தால் தரைக்கு இறக்க வேண்டும். மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சருகே முழங்காலிட்டு, ஒரு கையின் அடிப்பகுதியை, அதாவது மணிக்கட்டை ஒட்டிய திரண்ட பகுதியை, நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் வைக்க வேண்டும். இடப்பக்கத்தில் அல்ல. இதயம் இடப்பக்கம் என்று பழகிவிட்டதால் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அங்கேதான் கையை வைத்தார்கள். மறு கையை அதன்மேல் வைத்து விரல்களைக் கோர்த்து, முழங்கையை மடக்காமல், நம் தோள் நம் கைகளுக்கு நேர் மேலே வரும்படி குனிந்து அழுத்த வேண்டும். வளர்ந்தவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. மணிக்கூட்டின் வினாடி முள் ஒருமுறை அசைவதற்குள் ஏறத்தாழ இரண்டு அழுத்தங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். கையை எடுத்துவிடாமல் பாரத்தை மட்டும் எடுக்க வேண்டும். மேலே வராவிட்டால் இதயம் நிரம்பாது, நிரம்பாத இதயத்தை அழுத்திப் பயனில்லை.

5 சென்ரிமீற்றர் என்று வாசிக்கும்போது சிறிதாகத் தோன்றும். பொம்மையில் அழுத்திப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு என்று விளங்கியது. மெலிந்த பெண்களால் முடியாது என்றில்லை. கைப்பலத்தால் அழுத்துபவர்கள்தான் விரைவில் களைப்பார்கள். இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து உடற்பாரத்தால் அழுத்த வேண்டும். அப்படியிருந்தும் இரண்டு நிமிடங்களில் எனக்கு மூச்சு வாங்கியது. அதனால் இன்னொருவர் இருந்தால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும், மாறும்போது இடைவெளி விடாமல். உண்மையான மனிதரில் விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கக்கூடும். கேட்டாலும் கையின் இடம் சரிதானா என்று பார்த்துவிட்டுத் தொடர வேண்டும். முறிந்த விலா பொருந்தும். மூச்சுத் திரும்பி அவர் அசையும்வரை, அல்லது உதவி வரும்வரை, அல்லது நமக்கு முடியாமற் போகும்வரை நிறுத்தக் கூடாது. கலிமாவோ துஆவோ நாவில் இருக்கட்டும். அதற்காகக் கை நிற்கத் தேவையில்லை.

வாயோடு வாய் வைத்து ஊதுவது பற்றித்தான் பலருக்கும் கூச்சம். பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தங்களுக்கு 2 ஊதல் என்ற கணக்கில், மூக்கைப் பொத்திக்கொண்டு, நெஞ்சு எழும் அளவுக்கு ஒரு வினாடி ஊதுவார்கள். நாம் வெளிவிடும் காற்றிலும் ஏறத்தாழ 16 வீத ஒட்சிசன் இருக்கிறது. ஆனால் வளர்ந்த ஒருவர் நம் கண்முன் திடீரென்று விழுந்தால், அவருடைய குருதியில் சில நிமிடங்களுக்குப் போதுமான ஒட்சிசன் ஏற்கெனவே இருக்கும். அதை ஓடவைத்தால் போதும். ஊதத் தெரியாவிட்டாலும் மனம் ஒப்பாவிட்டாலும் நெஞ்சை மட்டும் அழுத்தலாம்.

நீரில் மூழ்கியவரும் சிறு பிள்ளைகளும் இதற்கு விதிவிலக்கு. அவர்களுக்கு மூச்சு நின்று, ஒட்சிசன் தீர்ந்த பிறகே பெரும்பாலும் இதயம் நிற்கிறது. கிணறும் குளமும் கடலும் சூழ வாழும் நாம் இதை மறக்கக் கூடாது. அவர்களுக்கு ஊதலே முதலில், பிறகு அழுத்தல். வயிற்றை அமுக்கியும் தலைகீழாகத் தூக்கியும் தண்ணீரை வெளியேற்ற முயல்வது நேரத்தை வீணாக்கும், வாந்தியையும் வரவழைக்கும். பிள்ளையின் நெஞ்சில் மூன்றில் ஒரு பங்கு ஆழம்வரை, ஒரு கையே போதுமென்றால் ஒரு கையால் அழுத்தலாம். கைக்குழந்தைக்கு நெஞ்சை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து இரு பெருவிரல்களால், 4 சென்ரிமீற்றர் அளவில். இதை எழுத்தில் வாசித்துப் பழக முடியாது. இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென். ஜோன் அம்பியூலன்ஸும் பயிற்சி அளிக்கின்றன.

நாங்கள் பழகிய பொம்மைக்கு ஒரு கதை உண்டு. நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தும் முறையை 1960இல் உலகுக்கு அறிவித்தவர்கள் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸைச் சேர்ந்த மூவர். அவர்களில் மூத்தவரான கூவன்ஹோவன் வைத்தியரல்லர், மின்பொறியியலாளர். இதைத் தொடங்க இரண்டு கைகள் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதே அவர்களின் செய்தி. அதைப் பொதுமக்களுக்குக் கற்பிக்க ஒரு பொம்மை தேவைப்பட்டபோது, நோர்வேயின் விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளர் ஆஸ்மண்ட் லேர்டல் முன்வந்தார். நீரில் மூழ்கவிருந்த தன் சிறு மகனை ஒருமுறை காப்பாற்றியவர் அவர். பொம்மைக்கு அவர் தேர்ந்தெடுத்த முகம், 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் செய்ன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முகம். அந்த முகத்தின் வார்ப்பு அக்காலத்தில் பல வீடுகளின் சுவர்களில் தொங்கியதாம். ஆண் முகமென்றால் கற்கும் ஆண்கள் வாய் வைக்கக் கூச்சப்படுவார்கள் என்றும் அவர் எண்ணினாராம்.

பொம்மையின் முகம் பெண்ணுடையது. மார்போ தட்டையானது. பெரும்பாலான பயிற்சிப் பொம்மைகள் இன்றும் அப்படித்தான். இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். 2017இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பொது இடங்களில் இதயம் நின்று விழுந்த ஆண்களில் 45 வீதத்தினருக்கு அருகிலிருந்தவர்கள் நெஞ்சை அழுத்தியிருக்கிறார்கள். பெண்களில் 39 வீதத்தினருக்குத்தான். பெண்ணின் நெஞ்சில் கை வைப்பதா என்ற தயக்கம் அங்கேயே இருக்கிறதென்றால், நம் சமூகத்தில் எவ்வளவு இருக்கும்? அபாயா அணிந்த ஒரு பெண் பேருந்து நிலையத்தில் விழுந்தால், சுற்றி நிற்கும் ஆண்கள் பின்வாங்குவார்கள். மரியாதையால்தான் பின்வாங்குவார்கள். பெண்களோ யாராவது வைத்தியர் வரட்டும் என்று காத்திருப்பார்கள்.

எங்கள் வகுப்பிலும் இந்தக் கேள்வி எழுந்தது. அழுத்துவதற்கு ஆடையை அகற்றத் தேவையில்லை, அபாயாவின் மேலாகவே அழுத்தலாம். கை வைக்கும் இடம் எலும்பின் மேல்தான். நாடியின் கீழ் ஹிஜாப் இறுகியிருந்தால் ஊசியைக் கழற்றித் தளர்த்தினால் போதும். மின்னதிர்ச்சிக் கருவியின் ஒட்டிகளை மட்டும்தான் வெறுந்தோலில் ஒட்ட வேண்டும். மஹ்ரம் அல்லாதவரைத் தொடலாமா என்று ஒருத்தி கேட்டாள். நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்ற ஃபிக்ஹு விதியை எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியை நினைவூட்டினார். ஓர் உயிரை வாழவைப்பதைப் பற்றி அல்மாயிதா சூறாவின் 32ஆம் வசனம் பேசுவதைக் காலைக்கூட்டத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டபோதெல்லாம் அது வைத்தியர்களுக்குச் சொல்லப்பட்டது என்றே எண்ணியிருந்தேன்.

நானாமார் உள்ள வீடுகளில் 2021 ஜூன் 12ஆம் திகதி நடந்த கால்பந்தாட்டப் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். கோபன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் மோதின. முதற்பாதி முடியும் தறுவாயில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், பந்து தன்னிடம் வந்த வேளையில் எவரும் மோதாமலே விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. அணித்தலைவர் சைமன் கேயர் ஓடி வந்து அவரைக் கவனித்தார். மருத்துவக் குழுவினர் நெஞ்சை அழுத்தினார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அந்த நேரத்தில் டென்மார்க் வீரர்கள் அவரைச் சுற்றி வட்டமாக நின்றார்கள், பலர் முகத்தை வெளிப்புறம் திருப்பியபடி. கமராக்களும் ஆயிரக்கணக்கான கண்களும் பார்க்காதபடி தம் உடம்பாலேயே திரை கட்டினார்கள். அவரைத் தூக்கிச் செல்லும்போது பின்லாந்துக் கொடிகளும் மறைப்பாகப் பிடிக்கப்பட்டன. எரிக்சன் பிழைத்தார், நெஞ்சில் சிறு மின்கருவி பொருத்தப்பட்டு, 2022 பெப்ரவரியில் மீண்டும் களமிறங்கினார்.

எங்கள் வகுப்பில் யாரும் பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு அந்த வட்டத்தில் பதில் இருந்தது. ஒருவர் அழுத்த, ஒருவர் 1990க்குப் பேச, மற்றவர்கள் ஷோலை விரித்து வெளிப்புறம் பார்த்து நின்றால், எந்தப் பேருந்து நிலையத்திலும் ஒரு பெண்ணின் மானமும் உயிரும் ஒருசேரப் பாதுகாக்கப்படும். பயிற்சி முடிவில் நாங்கள் எட்டுப் பேரும் அப்படி நின்று பார்த்தோம். முதலில் சிரிப்பாக இருந்தது.

இப்போது வீட்டில் தடித்த மெத்தைத் துண்டொன்றைத் தரையில் போட்டு, சுவர்மணிக்கூட்டைப் பார்த்து உம்மாவுக்குப் பழக்குகிறேன். உயிருள்ள ஆளின் நெஞ்சில் பழகக் கூடாது என்பதால் தம்பி தப்பித்தான். சென்ற கிழமை மாமி வந்திருந்தார், இத்தா முடிந்த பிறகு முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முழங்காலிட்டார். கையை எங்கே வைப்பது என்று காட்டச் சொன்னார். 30 வரை எண்ணி அழுத்தினார். பிறகு, "கை நோகுது புள்ள, இன்னொருக்கா எண்ணு" என்றார்.